டொக் டொக்... யாருங்க அது?

பழைய கார் வாங்கினா கூடவே ஒரு சத்தம் இலவசமா வரும். ஆர்.சி. புக்குல அது இருக்காது, இன்சூரன்ஸ்ல இருக்காது, விக்கிறவர் வாயிலயும் வராது. ஆனா பணம் கொடுத்து சாவி வாங்கி முதல் வாரம் முடியறதுக்குள்ள அது தன்னை அறிமுகப்படுத்திக்கும்.

கார் சத்தத்தை விவரிக்கறதுக்குத் தமிழ் மாதிரி ஒரு மொழி கிடையாதுங்கறது என் தாழ்மையான கருத்து. காய்ஞ்சு போன ரப்பர் புஷ்னா "கீச் கீச்". சக்கரத்து பேரிங் போச்சுன்னா, வேகம் ஏற ஏற கூடவே ஏறுற ஒரு "ஙொய்ங்ங்". ஸ்டீரிங்கை முழுசா ஒடிச்சு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ஆக்ஸில் ஜாயின்ட்ல இருந்து வர்றது "டிக்டிக்டிக்". சைலன்சர் கிளாம்ப் கழண்டா "லொடலொட". மெக்கானிக்கிட்ட போய் இதுல ஒண்ணைச் சரியா வாயால சொல்லிக் காட்டினாலே பாதி வேலை முடிஞ்சுது. (ஷெட்ல நின்னு "கீச் கீச்"னு கத்த கொஞ்சம் கூச்சமா இருக்கும். பழகிக்கணும்.)

எங்க வண்டிக்கு வாய்ச்சது "டொக்".

ஒரே ஒரு டொக் இல்ல. பள்ளத்துல இறங்கினா "டொக் டொக்". யாரோ வீட்டுக் கதவைத் தட்டற மாதிரி. முன்பக்கம், இடது கால் பக்கத்துல இருந்து வர்ற மாதிரி இருக்கும். பக்கத்து சீட்ல உக்காந்தா வலது பக்கத்துல இருந்து வர்ற மாதிரி இருக்கும். பின்சீட்ல உக்கார்ற எங்கம்மாவுக்கு அது நேரா அவங்க காலுக்குக் கீழயே கேக்கும்.

வண்டி 2011 மாடல் ஹேட்ச்பேக். 68,000 கிலோமீட்டர் ஓடினது. கம்பெனி பேரு இந்தக் கதைக்குத் தேவையில்ல, ஏன்னா இது எந்தக் கம்பெனி வண்டிக்கும் வயசானா வர்ற சமாச்சாரம். அம்மாவுக்கு முழங்கால் பிரச்சனை. விருத்தாசலத்துல இருந்து மாசம் ஒரு தடவை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் வரணும். பஸ்ல ஏறி இறங்க முடியல. அதனால அப்பாவும் நானும் சேர்ந்து காசு போட்டு வாங்கினோம். விலை 1,85,000. வித்தவர் அப்பாவோட சிநேகிதர். முப்பது வருஷப் பழக்கம். நெய்வேலி டவுன்ஷிப்ல குடியிருந்தவர், பையனோட போய் இருக்கப் போறேன்னு வண்டியைக் கொடுத்தார். அவசரம் இல்லாம, பேரம் பேசாம, "உனக்குன்னா இவ்வளவு போதும்"னு சொல்லிக் கொடுத்தார்.

சிக்கல் இங்கதான் ஆரம்பிச்சுது. முதல் புதுச்சேரி பயணத்துலயே டொக் டொக். அம்மா மேல இருக்கற கைப்பிடியைப் புடிச்சவங்க விடல. "தம்பி, சக்கரம் கழண்டுடுமா?"ன்னு மூணு தடவை கேட்டாங்க. அப்பா ஒண்ணும் பேசல. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிக்கிட்டே ஒரே ஒரு வரி சொன்னார்.

"அவன் தெரிஞ்சேதான் நம்ம தலையில கட்டியிருக்கான்."

அதுக்கப்புறம் சிநேகிதர்கிட்ட இருந்து ரெண்டு தடவை போன் வந்துது. அப்பா எடுக்கல.

ஆக, எனக்கு இப்போ ரெண்டு வேலை. ஒண்ணு, டொக் எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும். ரெண்டு, முப்பது வருஷ சிநேகிதம். ரெண்டாவதை ஸ்பேனர் வச்சுக் கழட்ட முடியாது.

மூணு ஷெட்டுக்குப் போனேன். மூணு பேருமே நல்லவங்க, யாரையும் குறை சொல்ல இல்ல. முதல் அண்ணன் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைப் புடிச்சு ஆட்டிப் பாத்துட்டு, "எல்லாம் டைட்டா இருக்கு சார். அப்போ ஷாக்தான். ரெண்டு பக்கமும் மாத்திடலாம், 14,000 ஆகும்"னார். ரெண்டாவது ஷெட்ல அதே ஜாக்கி, அதே ஆட்டல். "ஸ்டீரிங் ரேக் சார், 18,000." மூணாவது அண்ணன் தத்துவஞானி. "பழைய வண்டி சார். மனுஷனுக்கே வயசானா முட்டி டக் டக்குங்குது. அப்படித்தான் இருக்கும், ஓட்டுங்க."

அம்மாவோட முட்டி எனக்கு ஞாபகம் வந்துது, சிரிப்பு வரல.

"அப்படியே ஓட்டுங்க"ன்னு விடக் கூடாததுக்கு ஒரு காரணம் இருக்கு. முன்சக்கரத்துக்குக் கீழ இருக்கற பால் ஜாயின்ட் தேஞ்சாலும் இதே மாதிரி டொக்னுதான் ஆரம்பிக்கும். அது முழுசா கழண்டுக்கிட்டா சக்கரம் மடங்கி வண்டி தரையில உக்காந்துடும். அது எண்பதுல போகும்போது நடந்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. அதனால டொக் சத்தம் வந்தா அது எதுன்னு தெரியற வரைக்கும் நிம்மதி கிடையாது. ஆயிரம் ரூபாய் சமாச்சாரமாவும் இருக்கலாம், உயிர் சமாச்சாரமாவும் இருக்கலாம், ரெண்டும் ஒரே குரல்லதான் பேசும்.

முதல் அண்ணன் ஷாக்னு சொன்னதுலயும் நியாயம் இருக்கு. நம்ம ஊர் சின்னக் கார்கள் பெரும்பாலானதுல முன்பக்கம் இருக்கறது மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மேக்ஃபெர்சன்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் 1940-கள்ல யோசிச்ச ஏற்பாடு. 1950-ல இங்கிலாந்துல வந்த ஃபோர்டு கான்சல் கார்ல இருந்தது. இங்க 1983-ல வந்த மாருதி 800-லயும் முன்னாடி இதுதான். இதுல விசேஷம் என்னன்னா, ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சக்கரம் திரும்பற அச்சு எல்லாத்தையும் ஒரே தூண்ல கட்டிட்டார் மனுஷன். இடம் மிச்சம், விலை கம்மி. ஆனா எல்லா வேலையும் அந்த ஒரே தூண் தலையில. அதனால சத்தம்னா முதல் சந்தேகம் அதுமேல போறது இயற்கை. கூட்டுக் குடும்பத்துல மூத்த மருமகள் மாதிரி.

சரி, நாமதான் மென்பொருள் ஆளாச்சே, பிழை கண்டுபிடிச்சுத்தானே சோறு தின்கறோம்னு நினைச்சுக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை வண்டிக்கு முன்னாடி நோட்டும் பேனாவுமா உக்காந்தேன். எதிர் வீட்டுப் பெரியப்பா திண்ணையில இருந்து பாத்துக்கிட்டே இருந்தார். பெரியப்பா பீங்கான் தொழில்ல இருந்து ஓய்வு பெற்றவர்.

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க ஊரை ஜங்ஷனா நிறைய பேருக்குத் தெரியும். விழுப்புரம், திருச்சி, கடலூர், சேலம்னு நாலு பக்கமும் தண்டவாளம் பிரியும். பழமலைநாதர் கோயிலாலயும் தெரியும். மூணாவது அடையாளம் பீங்கான். சுத்துவட்டாரத்துல கிடைக்கற வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில். பொம்மை, அகல்விளக்கு, மின்கம்பத்துல மாட்டற இன்சுலேட்டர், வீட்டு மீட்டர் போர்டுல இருக்கற வெள்ளை ஃப்யூஸ் கேரியர் இதெல்லாம் இங்க செய்வாங்க. பீங்கான் தொழில்நுட்பத்துக்குன்னே அரசு டிப்ளமோ படிப்பும் இங்க இருக்கு.

பெரியப்பா எழுந்து வந்தார். "என்ன தம்பி, சத்தமா?"

"ஆமாங்க பெரியப்பா. எங்க இருந்து வருதுன்னு தெரியல."

உள்ள போய் ரெண்டு ஊறுகாய் ஜாடி எடுத்துக்கிட்டு வந்தார். ரெண்டும் பாக்க ஒரே மாதிரி. ஒண்ணை உள்ளங்கையில நிறுத்தி ஸ்பூனால தட்டினார். "டிங்"னு மணி மாதிரி நின்னு ஒலிச்சுது. இன்னொண்ணைத் தட்டினார். "டப்". அவ்வளவுதான், செத்துப்போச்சு.

"இதுல விரிசல் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. காது சொல்லிடும். ரயில்வேல சுத்தியல் வச்சுச் சக்கரத்தைத் தட்டிக்கிட்டே போவாங்களே, அதுவும் இதே கணக்குதான்."

"சரி பெரியப்பா, விரிசல் எங்க இருக்கு?"

சிரிச்சார். "அதைத்தான் சத்தம் சொல்லாது. முழு ஜாடியும் சேர்ந்துதான் ஒலிக்கும். விரிசல் இருக்குன்னு சொல்லும், எங்கன்னு சொல்லாது. எங்கன்னு தெரியணும்னா மை தடவித் துடைச்சுப் பாக்கணும், அப்போ கோடு தெரியும். உன் வண்டிக்கு மை தடவ முடியாது. அதனால எங்க கேக்குதுன்னு தேடாத. எப்போ கேக்குதுன்னு பாரு. ஒரே மாதிரி தட்டு, ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்து."

நான் அலுவலகத்துல ஆறு வருஷமா செய்யற வேலையை ஊறுகாய் ஜாடியில சொல்லிட்டுப் போயிட்டார். ஒரு பிழை வந்தா முதல்ல அதை மறுபடி வரவைக்கத் தெரியணும். எந்தச் சூழ்நிலையில வருது, எதுல வரலைன்னு தெரியணும். அதுக்கப்புறம்தான் கோடைத் திறக்கணும்.

அவர் சொன்னதுல இயற்பியலும் இருக்கு. சத்தம் காத்துல நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். இரும்புல சுமார் 5,000 மீட்டர். காரோட உடம்பு முழுக்க ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்ச தகடு. எங்கயோ ஒரு மூலையில தட்டினா அந்த அதிர்வு தகடு வழியா ஓடி, எந்தத் தகடு லேசா இருக்கோ அங்க இருந்து வெளிய வரும். நம்ம காது அந்தத் தகட்டைத்தான் காட்டும். அதனாலதான் ஒவ்வொரு சீட்ல ஒவ்வொரு இடத்துல கேட்டது. மூணு பேர் காதும் சரி, மூணு பேர் காட்டின இடமும் தப்பு.

எங்க ஊர் கோயில்ல எல்லாமே அஞ்சஞ்சா இருக்கும். கோபுரம் அஞ்சு, கொடிமரம் அஞ்சு, தேர் அஞ்சு. நானும் அஞ்சு கேள்வியோட நிறுத்திக்கிட்டேன். எல்லாமே "எப்போ?" கேள்விதான்.

அதுக்கு முன்னாடி வண்டியைக் காலி பண்ணினேன். டிக்கியில இருந்து ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ், அம்மாவோட குடை, ரெண்டு தண்ணி பாட்டில் எல்லாம் வெளிய. ஸ்டெப்னிக்குக் கீழ ஒரு பழைய பீங்கான் ஃப்யூஸ் கேரியர் கிடந்துது. (நம்ம ஊர் தயாரிப்பாத்தான் இருக்கும்!) எடுத்ததும் பின்னாடி இருந்து வந்த ஒரு சின்ன கலகல காணாமப் போச்சு. டொக் போகல. ஆனா இது ரொம்ப முக்கியம் மக்களே. ரெண்டு சத்தம் கலந்து கேட்டா எந்த மெக்கானிக்காலயும் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி ஒண்ணு: வண்டி நிக்கும்போது வருதா? இன்ஜினை அணைச்சுட்டு முன்பக்க மூலையை ரெண்டு கையாலயும் நல்லா அமுக்கி விட்டேன். ஷாக் போயிருந்தா வண்டி ஊஞ்சல் மாதிரி மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கும். இது ஒரு தடவை எழுந்து அப்படியே அடங்கிடுச்சு. ரெண்டு பக்கமும் அப்படித்தான். சத்தமும் இல்ல. 14,000 ரூபாய் ஆலோசனை அங்கயே கொஞ்சம் ஆட்டம் கண்டுது.

கேள்வி ரெண்டு: ஸ்டீரிங் திருப்பும்போது வருதா? நின்ன இடத்துலயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன். ஸ்ட்ரட் தலைமாட்டுல இருக்கற மவுண்ட் போயிருந்தா ஸ்பிரிங் சிக்கி விடுபடும்போது "டொய்ங்"னு வரும். வரல. அடுத்து இன்ஜின் ஓடும்போது ஸ்டீரிங்கை ரெண்டு விரல் அளவு மட்டும் இப்படி அப்படி வேகமா ஆட்டினேன். ரேக்லயோ டை ராட் எண்ட்லயோ ஆட்டம் இருந்தா அப்போ தட்டும். அதுவும் இல்ல. 18,000-க்கும் அதே கதி.

கேள்வி மூணு: பிரேக்கை லேசா தொட்டா மாறுதா? பிரேக் பேட், கேலிப்பர் இதெல்லாம் லூசா இருந்தாலும் பள்ளத்துல தட்டும். ஆனா பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே போனா அது இறுகிக்கிட்டு வாயை மூடிக்கும். மிதிச்சுக்கிட்டே போனேன். டொக் அசரல. பிரேக் இல்ல.

கேள்வி நாலு: ரெண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்துல ஏறும்போது வருதா? எங்க தெருமுனையில ரோட்டை முழுசா அடைச்ச மாதிரி ஒரு வேகத்தடை. அதுல நேரா, மெதுவா, பத்து கிலோமீட்டர் வேகத்துல ஏறி இறங்கினேன். அமைதி. மறுபடி திரும்பி வந்து ஏறினேன். அமைதி! எனக்கே ஆச்சரியம். இவ்வளவு பெரிய மேட்டுல வராத சத்தம், சின்னப் பள்ளத்துல எப்படி வருது?

கேள்வி அஞ்சு: ஒத்தைச் சக்கரம் மட்டும் ஏறினா? டூவீலர்காரங்க புகுந்து போறதுக்கு வேகத்தடை ஓரத்துல தேஞ்சு ஒரு சந்து இருக்கும் பாருங்க, அதுல இடது சக்கரத்தை விட்டு வலது சக்கரத்தை மட்டும் மேட்டுல ஏத்தினேன்.

டொக் டொக்.

அந்தப் பக்கம் திரும்பி வந்து இடது சக்கரத்தை மட்டும் ஏத்தினேன். டொக் டொக். மூணு தடவை மாத்தி மாத்திப் பாத்துட்டேன். ரெண்டும் சேர்ந்து ஏறினா அமைதி, ஒத்தையா ஏறினா டொக். தெருவுல பசங்க எல்லாம் கூடிட்டாங்க. ஒரே வேகத்தடையில பதினஞ்சு தடவை ஏறி இறங்கற ஆளை அவங்க பாத்ததில்ல போல.

ரெண்டு சக்கரமும் சேர்ந்து போனா சும்மா இருந்து, தனித்தனியா போனா மட்டும் வேலை செய்யற பாகம் முன்னாடி ஒண்ணுதான் இருக்கு. ஸ்டெபிலைசர் பார்.

கவட்டை மாதிரி வளைஞ்ச ஒரு இரும்புக் கம்பி. அதோட ஒரு முனை இடது சக்கரத்துப் பக்கம், இன்னொரு முனை வலது சக்கரத்துப் பக்கம். ரெண்டையும் இணைக்கறது விரல் தடிமன்ல ரெண்டு லிங்க் ராடு, ரெண்டு தலையிலயும் குண்டு வச்ச மூட்டு. வளைவுல வண்டி ஒரு பக்கமா சாயாம இந்தக் கம்பி முறுக்கிக்கிட்டு தாங்கும்.

துவைச்ச வேட்டியை ரெண்டு பேர் ஆளுக்கொரு முனையாப் புடிச்சுப் பிழியறதை நினைச்சுக்கோங்க. ரெண்டு பேரும் ஒரே பக்கமா திருப்பினா வேட்டி சும்மா உருளும், முறுக்காது. எதிரெதிரா திருப்பினாதான் முறுக்கும். அதே மாதிரிதான். ரெண்டு சக்கரமும் சேர்ந்து மேல வந்தா கம்பி சும்மா உருளும், லிங்க் ராடுக்கு வேலையே இல்ல. ஒரு சக்கரம் மட்டும் எழுந்தா கம்பி முறுக்கும், லிங்க் ராடை இழுக்கும், தள்ளும். அதோட மூட்டு தேஞ்சிருந்தா அந்த இழுப்புக்கும் தள்ளுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் காலி. அந்த ஒரு மில்லிமீட்டர்தான் டொக்.

அப்போ மூணு ஷெட்லயும் ஏன் ஆப்புடல? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் வருது. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினா என்ன ஆகும்? அந்தப் பக்கச் சக்கரம் தொங்கும், எதிர்ப் பக்கச் சக்கரம் தரையில அழுந்தி நிக்கும். அதாவது கம்பி முறுக்கிக்கிட்டு லிங்க் ராடை இழுத்துப் புடிச்சுக்கும். இழுத்துக் கட்டின கயிறு ஆடுமா? "எல்லாம் டைட்டா இருக்கு சார்"னு அந்த அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. அவர் பாக்கும்போது அது டைட்டாத்தான் இருந்துது! எட்டிப் பாக்கறப்ப மட்டும் ஒளிஞ்சுக்கற பிழையை நம்ம துறையில எத்தனை பாத்திருப்போம். இரும்புலயும் அது உண்டு.

அதனால வண்டி தன் நாலு கால்ல நிக்கும்போதே அடியில கை விடணும். அதுக்கு வாட்டர் சர்வீஸ் பண்ற இடத்துல இருக்கற கான்கிரீட் ரேம்ப் போதும். வண்டியை மேல ஏத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு கல்லு வச்சு, சர்வீஸ் தம்பி ஒருத்தரை விட்டு வண்டியைப் பக்கவாட்டுல ஆட்டச் சொன்னேன். நான் கீழ இருந்து ஒவ்வொரு மூட்டா ரெண்டு விரலை வச்சுப் பாத்தேன். லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட், அமைதி. டை ராட் எண்ட், அமைதி. வலது லிங்க் ராடு, மேல் மூட்டு. விரல்ல எறும்பு கடிச்ச மாதிரி ஒரு சின்ன "டக்". இடதுலயும் இருந்துது, கொஞ்சம் கம்மி. காது ஒரு மாசமா தேடினதை விரல் ஒரு நிமிஷத்துல சொல்லிடுச்சு.

உறுதிப்படுத்த இன்னும் ஒரு வழி உண்டு. ரெண்டு லிங்க் ராடையும் கழட்டி, கம்பி முனை எங்கயும் இடிக்காத மாதிரி கட்டிட்டு, ஆள் இல்லாத தெருவுல மெதுவா ஒரு சுத்து. மூணாவது ஷெட் தத்துவஞானி அண்ணன்தான் கழட்டிக் கொடுத்தார். அவருக்கும் ஆர்வம் வந்துடுச்சு. போனோம். பள்ளம், மேடு, ஒத்தைச் சக்கரம், எதுலயும் சத்தம் இல்ல. (இப்படி மெதுவாத்தான் போகணும். லிங்க் இல்லாம வளைவுல வேகமாத் திருப்பினா வண்டி அதிகமா சாயும்.) திரும்ப மாட்டினோம். டொக் டொக்.

"இன்னைக்கே மாத்திடலாமா சார்?"னு கேட்டார்.

"நாளைக்குண்ணே"ன்னேன்.

ஏன்னா ரெண்டாவது வேலை பாக்கி இருந்துது. சரி பண்ணிட்டா அப்புறம் அப்பாவுக்கு எதையும் காட்ட முடியாது.

மறுநாள் காலையில அப்பாவை மட்டும் முன்சீட்ல உக்கார வச்சு நெய்வேலிக்குப் போனேன். போற வழியெல்லாம் டொக் டொக். அப்பா ஜன்னல் வழியாவே பாத்துக்கிட்டு வந்தார். மந்தாரக்குப்பம் தாண்டி, டவுன்ஷிப்புக்குள்ள நுழைஞ்சோம். அந்த ஊரைப் பாத்தவங்களுக்குத் தெரியும். திட்டம் போட்டுக் கட்டின ஊர். ப்ளாக் ப்ளாக்கா வீடு, ரெண்டு பக்கமும் மரம், அகலமான தெரு. சிநேகிதர் குடியிருந்த வீட்டு வாசல்ல இருந்து ஆரம்பிச்சேன். அங்க இருந்து மார்க்கெட், மார்க்கெட்ல இருந்து கோயில், கோயில்ல இருந்து திரும்ப வீடு. அவர் தினமும் வண்டி எடுத்தது அவ்வளவுதான், அப்பாவே சொல்லியிருக்கார். நாங்க போன தெருவுல பள்ளம் இல்ல. வேகத்தடை இருந்துது, ஆனா ரோட்டை முழுசா அடைச்சு, ஓரம் தேயாம. ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறுது, சேர்ந்து இறங்குது.

ஒரு டொக் கூட வரல.

ரெண்டாவது சுத்துல அப்பா ரேடியோவை அணைச்சார். கண்ணாடியை இறக்கினார். மூணாவது சுத்து "இன்னொரு தடவை போ"ன்னு அவரே சொன்னார்.

வேட்டி பிழியற கதையை அப்போதான் சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல. திரும்பி வரும்போது மந்தாரக்குப்பம் தாண்டி முதல் பள்ளத்துல டொக்னு வந்ததும் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்போ அவன் காதுக்கு இது வந்தே இருக்காது."

"வந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மிப்பா."

அன்னைக்கு மத்தியானமே லிங்க் ராடு ஜோடியா மாத்தினோம். ஒண்ணு தேஞ்சா இன்னொண்ணும் தேஞ்சிருக்கும், வலது இடது சேர்த்துத்தான் மாத்தணும். ஜோடி 1,300 ரூபாய். கம்பியைப் புடிச்சிருக்கற ரெண்டு ரப்பர் புஷ்ஷும் காய்ஞ்சு போயிருந்துது, அது 250. கூலி 400. மொத்தம் 1,950. நட்டை முழுசா இறுக்கினது வண்டி கால்ல நிக்கும்போதுதான். அப்புறம் அதே வேகத்தடை, அதே பத்து கிலோமீட்டர், அதே ஒத்தைச் சக்கரம். சரி பண்ணினதை அதே சோதனையிலதான் பாக்கணும், வேற ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டுச் சந்தோஷப்படக் கூடாது. பசங்க மறுபடி கூடிட்டாங்க. சத்தம் இல்லாததால அவங்களுக்கு ஏமாற்றம்.

ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடியாச்சு. இன்னும் அமைதிதான். அம்மா இப்போ புதுச்சேரி போறப்ப திண்டிவனம் வழியா சுத்திப் போனாக் கூட கவலைப்படாம தூங்கறாங்க. (அந்த வழி ரொம்பச் சுத்து, சும்மா சொன்னேன்.)

உங்க வண்டியிலயும் ஒரு டொக் இருந்தா, ஷெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக்கிட்டுப் போங்க. நிக்கும்போது வருதா, திருப்பும்போது வருதா, பிரேக் தொட்டா மாறுதா, ரெண்டு சக்கரமும் ஏறும்போதா, ஒத்தைச் சக்கரமா. அந்த அஞ்சு வரி மெக்கானிக்குக்கும் நல்லது, உங்க பர்ஸுக்கும் நல்லது. பதில் பால் ஜாயின்ட்டைக் காட்டினா அங்கயே வண்டியை நிறுத்திடுங்க, மாத்தாம எடுக்காதீங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க. ஸ்டாண்ட் இல்லாம யாரும் உள்ள போகக் கூடாது.

அப்புறம் அந்தச் சிநேகிதர் விஷயம். அன்னைக்கு சாயங்காலம் அப்பாவே போன் பண்ணினார். நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். சண்டை, சமாதானம் எதுவும் கேக்கல. "வண்டி நல்லா ஓடுது. சின்னதா ஒரு லிங்க் ராடு போயிருந்துது, மாத்திட்டோம்"னார். அந்தப் பக்கம் அவர் பதறியிருப்பார் போல, செலவு எவ்வளவுன்னு கேட்டு, தானே அனுப்பறேன்னு சொல்லியிருக்கார்.

"அட சும்மா இருடா, உன் வண்டியில ஒரு ஃப்யூஸ் கேரியர் கிடந்துது, அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு"ன்னு அப்பா சிரிக்கறது கேட்டுது.